அந்தப் பெரிய கவர்: எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து பேக்ஸ் வரை

காட்பாடி ஜங்ஷனில் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் ரயில்களில் இறங்குகிறவர்களில் பலர் கையில் ஒரு பெரிய கவர் இருக்கும். பெட்டியும் மூட்டையும் தலையிலும் தோளிலும் போகும். அந்தக் கவரை மட்டும் மடங்காமல், நனையாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருப்பார்கள். வேலூர் சி.எம்.சி.க்கு வருகிறவர்கள். உள்ளே எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. ஃபிலிம்கள். மும்பை பரேலில் டாட்டா மெமோரியல் வாசலிலும் இதே காட்சிதான். நம் வீடுகளிலும் பீரோவுக்கு மேலேயோ கட்டிலுக்கு அடியிலேயோ அப்படி ஒரு கவர் இல்லாமல் இருக்காது.

மேலை நாடுகளில் நிலைமை வேறு. அங்கே பொதுவாக ஃபிலிம் ஆஸ்பத்திரியின் சொத்து. எடுத்த படம் ஆஸ்பத்திரியின் ஃபிலிம் அறைக்குப் போகும். டாக்டர் கேட்டால் ஆள் போய் எடுத்து வருவார். நம் நாட்டில் காசு கொடுத்தவர் கையில் படத்தைக் கொடுத்துவிடுவார்கள். அங்கே ஆவணக் காப்பகம் ஆஸ்பத்திரிக்குள் இருந்தது, இங்கே அது நோயாளியின் கைப்பையில் இருந்தது.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள கதையைப் படியுங்கள். புனேயில் உட்கார்ந்து இருபது வருடமாக நான் குப்பை கொட்டுவது இந்தத் துறையில்தான். ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரில் சேமித்து, தேடி எடுத்து, டாக்டர் மேஜைக்கு அனுப்பும் மென்பொருள். துறையில் இதற்குப் பெயர் பேக்ஸ். பிக்சர் ஆர்க்கைவிங் அண்ட் கம்யூனிகேஷன் சிஸ்டம் என்பதன் சுருக்கம். "என்னப்பா வேலை?" என்று ஊரில் கேட்டால் சொல்லிப் புரியவைப்பதற்குள் பஸ் வந்துவிடும். அதனால் ஒரு முறை முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது :-)

கண்ணாடி, ஃபிலிம், தீ

1895 நவம்பர் 8-ம் தேதி ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரியும் அந்தப் படத்தைப் பள்ளிப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான். கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் படம் விழுந்தது கண்ணாடித் தகடுகளில். கனம், கீழே விழுந்தால் போச்சு. நல்ல கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. முதல் உலகப் போரில் அது நின்றுபோக, ஃபிலிமின் காலம் வந்தது. ஆனால் அன்றைய ஃபிலிம் நைட்ரோசெல்லுலோஸ். வெடிமருந்துக்குச் சொந்தக்காரப் பொருள். சூடு பட்டால் பற்றிக்கொள்ளும், எரியும்போது விஷப்புகை கக்கும்.

1929 மே 15-ம் தேதி அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில், அடித்தளத்து அறையில் அடுக்கி வைத்திருந்த எக்ஸ்ரே ஃபிலிம்கள் தீப்பிடித்தன. தீயைவிடப் புகைதான் அதிகம் கொன்றது. 123 பேர் இறந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய நால்வரில் ஒருவரான டாக்டர் ஜான் ஃபிலிப்ஸும் அதில் போனார். எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் ஃபிலிம் அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே சந்தைக்கு வந்திருந்தது. பழசை மாற்ற யாரும் அவசரப்படவில்லை, அவ்வளவுதான். இந்த விபத்துக்குப் பிறகுதான் ஃபிலிமை எப்படி, எங்கே வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் உறைத்தது.

படம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை, அதைப் பத்திரமாக வைப்பது தனி வேலை என்று இந்தத் துறை கற்றுக்கொண்டது இப்படித்தான்.

எண்களாக மாறிய படம்

அடுத்த திருப்பம் லண்டனில். கம்பெனியின் பெயர் இ.எம்.ஐ. ஆமாம், நம் வீட்டு ஹெச்.எம்.வி. இசைத்தட்டுகளுக்குப் பின்னால் இருந்த அதே பாட்டுக் கம்பெனிதான். அங்கே வேலை பார்த்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் உருவாக்கிய சி.டி. ஸ்கேனர், 1971 அக்டோபர் 1-ம் தேதி விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. அந்த முதல் ஸ்கேனைப் பக்கத்தில் நின்று உடனே பார்க்க முடியவில்லை. எண்களைக் காந்த நாடாவில் பதிந்து, நாடாவை எடுத்துப் போய்க் கம்ப்யூட்டரில் ஓட்டித்தான் படத்தை வரவழைத்தார்கள். வந்த படம் 80க்கு 80. அதாவது மொத்தமே 6,400 புள்ளிகள். இன்று கைபேசியில் ஒரு ஸ்மைலிக்கு அதைவிட அதிகப் புள்ளிகள் இருக்கும். ஆனால் மண்டையைத் திறக்காமல் மூளைக்குள் இருந்த கட்டி தெரிந்தது. 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கோர்மாக்குக்கும் நோபல் பரிசு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எக்ஸ்ரேயில் படம் ஃபிலிமிலேயே பிறக்கிறது, ஃபிலிம்தான் அசல். சி.டி.யில் பிறப்பது எண்கள். தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, எலும்புக்குப் பல நூறு என்று உடம்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். அந்த அலகுக்கே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்று பெயர். நாலாயிரம் சொச்சம் அளவுகள் வரை பதிவாகும். அத்தனையையும் ஒரே நேரத்தில் கறுப்பு வெள்ளையாகக் காட்டினால் கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது. அதனால் நுரையீரலைப் பார்க்க ஒரு எல்லை, எலும்பைப் பார்க்க இன்னொரு எல்லை, மூளையைப் பார்க்க வேறு எல்லை என்று கம்ப்யூட்டர் திரையில் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். இதை 'விண்டோ' என்பார்கள்.

ஃபிலிமில் அச்சிடும்போது ஏதாவது ஒரு விண்டோவைத் தேர்ந்தெடுத்துத்தான் அச்சிட முடியும். நுரையீரலுக்காக அச்சிட்ட ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்து எத்தனை நேரம் பார்த்தாலும் எலும்பின் நுணுக்கம் வராது, ஏனென்றால் அது அந்த ஃபிலிமில் இல்லை. ஆக சி.டி.யைப் பொறுத்தவரை நம் பெரிய கவரில் இருப்பது அசல் இல்லை, அசலின் ஒரு நகல். எண்கள்தான் அசல்.

பத்து மெகாபைட் மலை

எழுபதுகளின் கடைசியில் எல்லோருக்கும் ஒரே ஆசை. சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் எண்களாகவே பிறக்கின்றன. அப்புறம் எதற்கு அதை ஃபிலிமில் அச்சடித்து, அலமாரியில் அடுக்கி, ஆள் வைத்துத் தேடி, கடைசியில் தொலைக்க வேண்டும்? ஃபிலிமுக்கு இருந்த பெரிய குறை, அது ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும் என்பது. அறுவை சிகிச்சை டாக்டர் எடுத்துக்கொண்டு போனால் மற்ற டாக்டருக்குக் கிடையாது. இன்னொரு குறை வெள்ளி. எக்ஸ்ரே ஃபிலிமில் பூசியிருப்பது வெள்ளி உப்பு. அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில், 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் வெள்ளி 50 டாலர் கிட்டே போனது. ஃபிலிம் வாங்குகிற ஆஸ்பத்திரிகளும் வெள்ளி விலையைக் கவனிக்க வேண்டிய காலம். (நம் ஊரில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் காசு கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் தேடுவதும் அந்த வெள்ளியைத்தான்.)

1982 ஜனவரியில் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் முதல் சர்வதேச பேக்ஸ் மாநாடு நடந்தது. ஆசை பெரிது, வசதிதான் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மார்பு எக்ஸ்ரே ஒன்றை எண்களாக்கினால் சுமார் 2000க்கு 2500 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட். ஆக 10 மெகாபைட். 1983-ல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி. எக்ஸ்.டி.யில் இருந்த ஹார்ட் டிஸ்க்கின் மொத்தக் கொள்ளளவே 10 மெகாபைட்தான். ஒரு ஆள், ஒரு எக்ஸ்ரே, டிஸ்க் காலி! அன்றைய 1200 பிட் மோடத்தில் அந்த ஒரு படத்தைத் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்ப 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சென்னையிலிருந்து புனேவுக்கு யாரிடமாவது கவரைக் கொடுத்து ரயிலேற்றி அனுப்பினாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் :-)

அதே 1983-ல் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் எக்ஸ்ரேயையே எண்களாக மாற்றும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபிலிம் விற்றுப் பிழைத்த கம்பெனியே ஃபிலிமுக்கு மாற்றைக் கொண்டுவந்தது. அதன் போட்டியாளரான கோடாக், 2007-ல் தன் மருத்துவப் பிரிவை விற்றது. 2012-ல் திவால் மனு கொடுத்தது. வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்த இரண்டு கம்பெனிகளின் கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்ல பாடம்.

ஐம்பது ஊசி பிளக்

கொள்ளளவும் வேகமும் வருடா வருடம் தானாக வளர்ந்தன. தானாக வளராத ஒன்று உண்டு: கம்பெனிகளுக்குள் ஒற்றுமை. ஒவ்வொரு ஸ்கேனர் கம்பெனியும் படத்தைத் தன் சொந்த வடிவத்தில் எழுதியது. ஒருவர் நாடாவை இன்னொருவர் கருவி படிக்காது. ஆஸ்பத்திரி ஒரு கம்பெனியிடம் சி.டி. வாங்கினால், படம் பார்க்கும் திரை, சேமிக்கும் பெட்டி எல்லாவற்றுக்கும் அதே கம்பெனி வாசலில்தான் நிற்க வேண்டும். பெண் எடுத்த வீட்டிலேயே மாப்பிள்ளையும் எடுக்க வேண்டும் என்ற மாதிரி.

இதை உடைக்க 1983-ல் அமெரிக்கக் கதிரியல் டாக்டர்களின் அமைப்பான ஏ.சி.ஆரும், மின்கருவி தயாரிப்பாளர்களின் அமைப்பான நெமாவும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ஒரே மேஜையில். 1985-ல் முதல் தர நிர்ணயம் வந்தது. கருவியையும் பெட்டியையும் இணைக்க 50 ஊசிகள் கொண்ட ஒரு பிளக். ஒரு கருவிக்கும் இன்னொரு கருவிக்கும் நேரடிக் கம்பி போடலாம், அவ்வளவே. நெட்வொர்க் கிடையாது. 1988-ல் இரண்டாம் பதிப்பு. அதற்குள் உலகம் நெட்வொர்க்குக்குப் போய்விட்டது. அதனால் பெரும்பகுதியைத் திருத்தி எழுதி 1993-ல் மூன்றாவதாகக் கொண்டுவந்தார்கள். அதற்கு வைத்த புதுப் பெயர்தான் டைகாம். உங்கள் ஸ்கேன் சி.டி.யை லேப்டாப்பில் போட்டபோது கண்ணில் பட்டிருக்கும்.

டைகாம் செய்தது இரண்டு காரியம். ஒன்று, படத்தையும் படத்தின் ஜாதகத்தையும் பிரிக்க முடியாதபடி ஒரே கோப்பில் கட்டியது. நோயாளி பெயர், பிறந்த தேதி, எடுத்த நாள், எந்தக் கருவி, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணிட்ட கட்டம். அதோடு ஒவ்வொரு படத்துக்கும் உலகத்தில் வேறெந்தப் படத்துக்கும் இல்லாத ஒரு நீண்ட அடையாள எண். இரண்டாவது, ஒரு கருவி இன்னொரு கருவியோடு எப்படிப் பேச வேண்டும் என்று வகுத்தது. "இந்தப் படத்தை வைத்துக்கொள்", "இந்த நோயாளியின் பழைய படம் இருக்கிறதா", "இருந்தால் அனுப்பு" என்பது போன்ற வசனங்கள்.

இதைவிட முக்கியம், அந்த தர நிர்ணயத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம், மென்பொருள் எழுதலாம். ராண்ட்ஜன் காப்புரிமை வாங்காமல் விட்டார் என்றேனே, நூறு வருடம் கழித்து அதே மாதிரி ஒரு காரியம். 2004-ல் வந்த ஓசிரிக்ஸ், 2012-ல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஆர்தாங்க் போன்ற திறந்த மென்பொருள்கள் சாத்தியமானது இதனால்தான். பெரிய பேக்ஸ் வாங்க வசதியில்லாத சின்ன ஸ்கேன் சென்டர்கூட ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரில் ஆர்தாங்க்கைப் போட்டுப் படங்களைச் சேமிக்க முடிகிறது.

கம்பெனிகள் முழுசாக விட்டுக்கொடுத்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். கோப்பில் ஒற்றைப்படை எண் கொண்ட கட்டங்கள் கம்பெனிகளின் சொந்த உபயோகத்துக்கு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது பல நேரம் அவர்களுக்கு மட்டுமே வெளிச்சம்.

ஃபிலிம் இல்லாத ஆஸ்பத்திரி

வியன்னாவின் டான்யூப் ஆஸ்பத்திரி 1992-ல் முழுக்க டிஜிட்டலாகவே திறக்கப்பட்டது. 1993-ல் அமெரிக்காவின் பால்டிமோரில், முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி ஃபிலிம் இல்லாமல் இயங்க ஆரம்பித்தது. லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரி 1996-ல். 2007 கடைசிக்குள் இங்கிலாந்தின் அரசுப் பொது மருத்துவமனைகள் அனைத்துக்கும் பேக்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த அரசின் மாபெரும் மருத்துவக் கம்ப்யூட்டர் திட்டத்தில் பல பகுதிகள் ஊற்றிக்கொண்டன. ஜெயித்த சிலவற்றில் இது ஒன்று.

அங்கெல்லாம் இது ஒரு நேர்க்கோட்டு முன்னேற்றம். ஆஸ்பத்திரியின் ஃபிலிம் அறை போய் ஆஸ்பத்திரியின் சர்வர் அறை வந்தது. படம் முன்பும் ஆஸ்பத்திரியிடம், இப்போதும் ஆஸ்பத்திரியிடம்.

நம் பக்கத்துக் கதை

இந்தக் கதையில் நம்மவர்களின் பங்கு சின்னதில்லை. பெங்களூரில் பிலிப்ஸின் மென்பொருள் மையம் 1996-லும், ஜி.இ.யின் ஆய்வு மையம் 2000-லும் தொடங்கின. ஓசூர் ரோட்டிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலைக்குப் போன எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் உலக ஆஸ்பத்திரிகளின் படங்களைக் காட்டும் மென்பொருளை எழுதியிருக்கிறார்கள். 2002-ல் டாக்டர் அர்ஜுன் கல்யாண்பூர் பெங்களூரில் டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸைத் தொடங்கினார். அமெரிக்காவில் நடுராத்திரி விபத்தில் அடிபட்டு வந்தவரின் சி.டி., கம்பி வழியாக இங்கே வந்து, நம் பகல் வெளிச்சத்தில் டாக்டர் பார்த்து அறிக்கை எழுதுவார். 18 மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டோமே, இருபதே வருடத்தில் அது நிமிடங்களாகிவிட்டது.

அமெரிக்கக்காரர் படம் பெங்களூருக்கு வந்துவிட்டது. நம் அப்பா அம்மா படம் ஊரிலிருந்து நம்மிடம் வர அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆனது. கவரும் ரயிலும்தான். பிறகு கவரோடு ஒரு சி.டி. தட்டு வந்தது. அப்புறம் லேப்டாப்பில் சி.டி. போடும் இடமே இல்லாமல் போனது. 2020, 2021 கொரோனாவில்தான் எல்லாம் தலைகீழானது. "25-க்கு எத்தனை ஸ்கோர்?" என்று அத்தனை குடும்பங்களும் கேட்டுக்கொண்டிருந்த காலம். ரயில் இல்லை, போக முடியாது, ஸ்கேன் சென்டரிலிருந்து போனுக்கு ஒரு லிங்க் வரும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து பெற்றவர்களின் நுரையீரலை போனில் உருட்டிப் பார்த்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் பலர் இருப்பீர்கள்.

எங்கள் பெரியப்பாவுக்கும் 2021-ல் அப்படி ஒரு ஸ்கேன் எடுத்தோம். கொரோனா போனது, ஆள் பிழைத்தார். இரண்டரை வருடம் கழித்து வேறு காரணத்துக்கு எடுத்த சி.டி.யில் நுரையீரலில் 7 மில்லிமீட்டரில் ஒரு முடிச்சு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பழைய ஸ்கேன் இருக்கா? அப்பவே இது இருந்துச்சான்னு பாக்கணும்." கெட்டியான சின்ன முடிச்சு இரண்டு வருடமாக வளராமல் அப்படியே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. புதிதாக வந்ததென்றால் கதை வேறு; ஊசி குத்திச் சதை எடுப்பதுவரை போகலாம். அவருக்கு வயது 74.

பழைய லிங்க்கைத் திறந்தால் காலாவதி. ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தினது கிடைக்காது சார். சிஸ்டம் மாத்திட்டோம்."

"பேக்கப் இருக்குமே, கொஞ்சம் பாருங்களேன்."

"பழைய கம்பெனிக்காரங்க கிட்டதான் இருந்துச்சு சார். ஃபிலிம் குடுத்தோமே, அது இல்லையா?"

ஃபிலிம் இருந்தது. ஆனால் ஸ்டாம்பு சைசில் கட்டம் கட்டமாக அச்சிட்டதில் 7 மில்லிமீட்டர் சமாச்சாரத்தை அளக்க முடியாது. எல்லாத் துண்டுகளும் அதில் இல்லவும் இல்லை. கடைசியில் காப்பாற்றியது பெரியம்மா. அப்போது கவரோடு வந்த சி.டி. தட்டைப் "பளபளன்னு இருக்கே, தூக்கிப் போட மனசு வரல" என்று பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். யாரிடமோ பழைய லேப்டாப் இரவல் வாங்கித் திறந்தோம். டாக்டர் இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அளந்தார். அதே இடம், அதே 7 மில்லிமீட்டர். ஊசி வேண்டாம், ஒரு வருடம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்.

மேலே சொன்ன வரலாறு முழுக்க எனக்கு அன்றைக்குப் புதிதாக அர்த்தமானது. வேறு கம்பெனி ஸ்கேனர், வேறு ஊர், இரண்டரை வருட இடைவெளி. இரண்டு படங்களும் ஒரே திரையில் மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போனதற்குக் காரணம் 1983-ல் ஒரே மேஜையில் உட்கார்ந்த அந்தக் குழு. ஆனால் டைகாம் படத்தைப் படிக்கத்தான் வழி செய்யும், யார் வைத்திருப்பது என்பதை அது முடிவு செய்யாது. அங்கே அறையிலிருந்து சர்வருக்குப் போனது. இங்கே நம் கையிலிருந்து சர்வருக்குப் போய்விட்டது. லிங்க் வந்த சந்தோஷத்தில் கவர் நம்மை விட்டுப் போனதை நாம் கவனிக்கவில்லை.

பூட்டாத அலமாரி

சர்வரில் இருந்தால் பத்திரம் என்றும் சொல்வதற்கில்லை. 2019-ல் ஜெர்மனியின் க்ரீன்போன் நிறுவனம் இணையத்தில் தேடிப் பார்த்து, உலகம் முழுக்கச் சுமார் 590 பேக்ஸ் சர்வர்கள் பாதுகாப்பில்லாமல் திறந்து கிடப்பதாக அறிக்கை வெளியிட்டது. சுமார் 2 கோடியே 40 லட்சம் நோயாளிப் பதிவுகள். அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. டைகாம் பிறந்த காலத்தில் இதெல்லாம் ஆஸ்பத்திரிச் சுவருக்குள்ளேயே ஓடும் என்று நினைத்தார்கள். பலர் அதை அப்படியே கொண்டுபோய் வெளியுலகத்தில் வைத்துவிட்டார்கள். படத்தோடு ஜாதகத்தையும் கட்டியிருக்கிறது என்றேன் அல்லவா, திறந்து கிடந்தால் பெயர், பிறந்த தேதி எல்லாம் சேர்ந்தே போகும்.

நாம் செய்யக்கூடியது

ஊரில் பெற்றவர்கள், வெளியூரில் நாம் என்று இருக்கிற குடும்பங்களுக்கு, இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சில யோசனைகள்:

1. சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஃபிலிமோடு நிறுத்தாமல் "டைகாம் கோப்பு வேண்டும்" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். சி.டி. தட்டோ, பென் டிரைவோ, லிங்க்கோ எதுவாகவும் இருக்கலாம். சில இடங்களில் "டாக்டருக்கு ஃபிலிம் போதும் சார்" என்பார்கள். டாக்டருக்குப் போதும், அடுத்த டாக்டருக்குப் போதாது.

2. லிங்க் வந்தால் அன்றைக்கே முழுசாக இறக்கிவிடுங்கள். 500 துண்டு கொண்ட சி.டி. சுமார் 250 மெகாபைட் வரும்; இன்றைய வீட்டு இணையத்தில் சில நிமிட வேலை. ஒரு பிரதி ஊரில், ஒரு பிரதி உங்களிடம். பெயரும் தேதியும் போட்ட ஃபோல்டரில் வைத்துவிட்டால் போதும்.

3. வெளிச்சப் பெட்டியில் ஃபிலிமை மாட்டி போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவசரத்துக்கு உதவும். ஆனால் அது நகலின் நகல். விண்டோ மாற்ற முடியாது, அளக்க முடியாது.

4. ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்களின் ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகள் சொல்கின்றன. சண்டை போட அல்ல, தெரிந்துகொண்டு கேட்க. மூன்று வருடம்தான் என்பதையும் கவனியுங்கள். அதற்கு மேல் நம் பொறுப்பு.

5. எக்ஸ்ரே, ஸ்கேன் எதையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு போடாதீர்கள். வேண்டியவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

மத்திய அரசு 2016-ல் திருத்தி வெளியிட்ட மருத்துவ ஆவணத் தரங்களிலும் படங்களுக்கு டைகாம்தான். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 14 இலக்க எண்ணோடு நம் ஆவணங்களை இணைக்க வழி இருக்கிறது. ஊர்ப்பக்கத்துச் சின்ன ஸ்கேன் சென்டர் அதில் சேரும்வரை நாம் காத்திருக்க முடியாது. பெரியம்மா காத்திருக்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு கை விட்டுப் பாருங்கள். தட்டு ஏதாவது கிடைத்தால், அது படிக்க வரும்போதே ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.